‘வீட்டில் வைத்து நல்லா பார்த்துக்கோங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்ட பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை நான் பல வருடமாகப் படிக்கிறவன். எங்கே புது மருத்துவமனைக் கட்டடம் திறந்தாலும் அதில் எத்தனை படுக்கை என்று தலைப்பிலேயே போட்டுவிடுகிறீர்கள். சரி, போட வேண்டிய செய்திதான். ஆனால் எங்கள் வீட்டு நடு அறையில் பதினான்கு மாதமாக ஒரு படுக்கை கிடக்கிறது, தலைப்பக்கத்தைக் கையால் சுற்றித் தூக்குகிற இரும்புக் கட்டில், வாடகைக்கு எடுத்தது, அது எந்த அரசாங்கக் கணக்கிலும் வராது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 76 வயதில் பக்கவாதம் வந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே நடந்த வைத்தியத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன உடனே ஸ்கேன் எடுத்தார்கள், ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்தார்கள், எங்களிடம் பணம் எதுவும் வாங்கவில்லை, உயிரோடு திருப்பிக் கொடுத்தார்கள். பதினோராவது நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், “இனிமே இங்க செய்றதுக்கு ஒண்ணும் இல்லைம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பார்த்துக்கோங்க” என்றார். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்திலேயே நானும் நின்றிருந்தேன், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போது இது எனக்கு உறைக்கவும் இல்லை.

டிஸ்சார்ஜ் தாளில் ஒன்பது மருந்து. எது சாப்பாட்டுக்கு முன், எது பின், எது அரை மாத்திரை, எல்லாம் தெளிவாக இருந்தது. கடைசியில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இரண்டு வரி. மருந்துக் கடைக்காரரிடம் காட்டித்தான் புரிந்துகொண்டோம்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கவும், மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கவும். அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுத ஒரு விநாடி போதும், செய்கிறவருக்கு அது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. மாதத்துக்கு 360 முறை. ஒரு பக்கம் முழுக்க விழுந்துபோன உடம்பு, தானாக ஒரு விரல் அளவுகூட நகராது, முதல் மாதம் இரண்டு பேர் சேர்ந்து படுக்கை விரிப்போடு இழுத்துத்தான் புரட்ட முடிந்தது. அந்த இரண்டு பேர் யார், ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்திருப்பது யார், மறுநாள் அவர்கள் வேலைக்குப் போவார்களா என்பதற்குத் தாளில் ஒரு கட்டமும் இல்லை. வீட்டில் எத்தனை பேர், மாடியா தரைத்தளமா, கழிவறை எங்கே இருக்கிறது என்று கிளம்பும்வரை ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

குழாயில் உணவு கொடுப்பது எப்படி என்று வார்டு நர்ஸ் வராந்தாவில் நின்றபடி பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தார். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பொறுப்பில் அன்றைக்கு வார்டு முழுக்க நோயாளிகள். தலையை உயர்த்தி வைக்கணும், மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா பார்க்கணும், கொடுத்த பிறகு உடனே படுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். வெளியே வந்ததும், “டேய், பாதி மறந்துபோச்சுடா” என்றாள்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா குழாயைப் பிடுங்கிவிட்டார். தூக்கத்தில் அரிப்பாக இருந்திருக்கும். அதைத் திரும்பப் போட ஒரு நர்ஸ் வந்தால் போதும், பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் வீட்டுக்கு வர யாரும் இல்லை, கூப்பிடவும் ஒரு எண் இல்லை. அதனால் என்ன ஆயிற்று என்றால், ஆம்புலன்ஸை வரவழைத்து, நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரை எழுப்பி, இரண்டு மாடி இறக்கி, அவசரப் பிரிவில் ஐந்து மணி நேரம் காத்திருந்து, ஐந்து நிமிடத்தில் குழாய் போட்டு, மறுபடி இரண்டு மாடி ஏற்றி, படுக்க வைத்தபோது விடிந்துவிட்டது. அவசரப் பிரிவில் ஒரு இடம், ஒரு ஆம்புலன்ஸ், அதில் இரண்டு ஊழியர்கள், இவ்வளவும் ஒரு குழாய்க்காகச் செலவானது. பொதுப் பணம்தானே இது? வீட்டுக்கு நர்ஸ் அனுப்ப நிதி இல்லை என்கிறார்கள், இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அடுத்தது புண். ஒரு ஏஜென்சி மூலமாகப் பகலில் மட்டும் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்திருந்தோம். ‘ஹோம் நர்ஸ்’ என்றுதான் ஏஜென்சியில் சொன்னார்கள், நர்ஸ் படிப்பெல்லாம் இல்லை, மூன்று நாள் பயிற்சியோடு அனுப்பிவிடுகிறார்கள் என்று அந்தப் பெண்ணே சொன்னார். அவர்தான் முதலில் பார்த்தது. முதுகுக்குக் கீழே, வால் எலும்பு முட்டுகிற இடத்தில் கையகல இடம் கருஞ்சிவப்பாக இருந்தது. நாங்கள் டயபர் உரசல் என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தோம். “இது அது இல்லைங்க, விரலால அமுக்கினா நிறம் மாறணும், இது மாறலை, தொட்டா சுடுது” என்றார். மூன்று நாள் பயிற்சி பெற்ற பெண் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கருத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது, சூட்டையும் தடிப்பையும் தொட்டுத்தான் பார்க்கணும் என்று பிறகு டாக்டரே சொன்னார். ஆனால் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வார்? ஏஜென்சிக்கு இதில் அக்கறை இல்லை. மருத்துவமனைக்கு அவர் யார் என்றே தெரியாது. அடுத்த ஓ.பி. தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நாங்களும் சரி, அன்றைக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம், இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. பன்னிரண்டு நாளில் தோல் கறுத்து, உடைந்து, ஒரு விரல் உள்ளே போகிற அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. அறைக்குள் நுழையும்போதே வாடை. மறுபடி சேர்த்தார்கள், பதினெட்டு நாள் வார்டில் இருந்தோம்.

அரை மணி நேரம் ஒரு நர்ஸை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் மிச்சமாகியிருக்கக் கூடிய பதினெட்டு நாள் அது, ஆசிரியரே. அந்தப் படுக்கைக்காக வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்களோ.

இது எங்கள் குடும்பத்தின் துரதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். பிறகு ராத்திரி முறை எனக்கு வரும்போதெல்லாம் போனில் இதைப் பற்றியே படிக்க ஆரம்பித்தேன், அலாரத்துக்கும் அலாரத்துக்கும் நடுவே வேறு என்ன செய்வது. படிக்கப் படிக்க, பணக்கார நாடுகளிலும் கோளாறு இதே இடத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள், பொது மருத்துவத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம். 1948 ஜூலை 5 அன்று அவர்களுடைய தேசிய சுகாதார சேவை தொடங்கியது, வைத்தியம் எல்லோருக்கும் இலவசம். அதே நாளில் இன்னொரு சட்டமும் அமலுக்கு வந்தது, தேசிய உதவிச் சட்டம். வயதானவர்களையும் முடியாதவர்களையும் பராமரிப்பது உள்ளாட்சியின் வேலை, அதற்கு வசதியைப் பார்த்துக் கட்டணம் என்று அது வைத்துவிட்டது. ஒரே நாளில் ஒரே மனிதரின் உடம்பை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நோய் ஒரு துறைக்கு, நோய்க்குப் பிறகு மிச்சமிருக்கிற வாழ்க்கை இன்னொரு துறைக்கு. அதன் விளைவு எவ்வளவு தூரம் போனது என்றால், படுத்துக் கிடப்பவரைக் குளிப்பாட்டுவது மருத்துவக் குளியலா, சமூகக் குளியலா என்று அங்கே பல காலம் வாதம் நடந்திருக்கிறது. மருத்துவக் குளியல் என்றால் நர்ஸ் வருவார், இலவசம். சமூகக் குளியல் என்றால் வேறு ஆள், அதற்கு வேறு கணக்கு. தண்ணீருக்கும் சோப்புக்கும் இந்த வித்தியாசம் தெரியுமா என்ன.

இங்கிலாந்தில் இன்றைக்கும் கையில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் பராமரிப்புச் செலவு பொதுவாக அவரவர் தலையில்தான். இந்த வரம்பை 2010க்குப் பிறகு உயர்த்தவே இல்லை. ஒருவர் வாழ்நாளில் கட்ட வேண்டிய செலவுக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லி 2011இல் ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது, 2014இல் சட்டமும் வந்தது, அப்புறம் தள்ளிப்போட்டு, மறுபடி தள்ளிப்போட்டு, 2024இல் திட்டத்தையே கைவிட்டார்கள். இன்னொரு பக்கம் சமீப ஆண்டுகளில் அங்கே எந்த நாளை எடுத்தாலும் சுமார் 12,000 பேர் வீட்டுக்குப் போகத் தயாராகியும் மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடக்கிறார்கள், அதில் நிறைய பேருக்குக் காரணம் வெளியே பராமரிப்பு ஏற்பாடு ஆகவில்லை என்பதுதான். அங்கே அனுப்ப முடியாமல் வைத்திருக்கிறார்கள், இங்கே வைத்திருக்க முடியாமல் அனுப்பிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து மட்டும் 2002இலேயே 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உடல் பராமரிப்பை இலவசமாக்கியது, குளியலும் உடை மாற்றுவதும் உட்பட. ஆக, ஒரே தீவில் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் முடியவில்லை.

கனடாவும் அப்படித்தான். 1984 சுகாதாரச் சட்டம் மருத்துவமனையையும் டாக்டரையும் உறுதி செய்கிறது, வீட்டுப் பராமரிப்புக்கு அந்த உறுதி கிடையாது. மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

ஜப்பான் கதைதான் எனக்கு நன்றாக மனதில் நின்றது. 1973இல் முதியவர்களுக்கு வைத்தியத்தை இலவசமாக்கினார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள உதவி இல்லை, மருத்துவமனை இலவசம், ஜனங்கள் என்ன செய்வார்கள்? வைத்தியம் தேவைப்படாத முதியவர்களும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வார்டிலேயே தங்கினார்கள். அதற்கு ‘சமூகக் காரணத்தால் மருத்துவமனையில் சேர்தல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இதற்கு மேல் தாங்காது என்றுதான் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். முடியாமல் போனால் ஆள் வந்து பார்த்து எவ்வளவு உதவி வேண்டும் என்று ஏழு நிலைகளில் ஒன்றில் வைப்பார், அதன்படி வீட்டுக்கு உதவி வரும், பெரும்பாலானவர்கள் செலவில் பத்தில் ஒரு பங்குதான் கட்டுவார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, ‘கேர் மேனேஜர்’ என்று ஒருவர் இருக்கிறார். யார் எப்போது வருவது, கட்டில் எங்கே எடுப்பது, யாரிடம் பேசுவது, எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து தருவது அவர் வேலை. எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த ஏஜென்சிப் பெண் அவருக்கு ஒரு போன் போட்டிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஜப்பானிலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை, இந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் அவர்களும் தவிக்கிறார்கள்தான்.

உடனே ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். “பெத்தவங்களைப் பிள்ளைங்க பார்க்காம அரசாங்கமா பார்க்கும்?” உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். ஐயா, பார்க்க மாட்டோம் என்று யார் சொன்னது? பதினான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அரசாங்கம் வந்து அம்மாவுக்குப் பிள்ளையாக இருக்க வேண்டாம், புண் வந்தால் பார்க்க ஒரு நர்ஸ் வந்தால் போதும். ஜெர்மனியில் 1995இல் பராமரிப்புக் காப்பீடு வந்தபோதே, வீட்டு ஆட்களே பார்த்துக்கொண்டால் ஆள் அனுப்புவதற்குப் பதில் பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள், வேலையைக் குறைத்துக்கொண்டு அல்லது விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிற உறவினருக்காக ஓய்வூதியச் சந்தாவும் கட்டுகிறார்கள். அதனால் அங்கே பிள்ளைகள் யாரும் பெற்றோரைக் கைவிட்டுவிடவில்லை. இன்றைக்கும் பெரும்பாலானவர்களை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், ‘பிள்ளைகள்’ என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. அம்மாவுக்கு நானும் பிள்ளைதான், அக்காவும் பிள்ளைதான். வேலையை விட்டது அக்கா. நான் ராத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் எழுந்திருக்கிறேன், அதற்கே ஊரில் எனக்கு நல்ல பிள்ளை என்று பெயர். அக்காவை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை, அவள் செய்வது எல்லோர் கண்ணுக்கும் இயல்பாகத் தெரிகிறது. உலகத் தொழிலாளர் அமைப்பு 2018இல் ஒரு கணக்குப் போட்டது: உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் கூலி இல்லாத பராமரிப்பு வேலை நடக்கிறது, அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பெண்கள் செய்வது. பிரிட்டனில் 1976இல் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவித்தொகை என்று ஆரம்பித்தபோது, கணவனோடு வாழ்கிற பெண்களுக்குக் கிடையாது என்று விதி வைத்தார்களாம். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறார்கள் என்ற நினைப்புதான். தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஒரு பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986இல்தான் அது மாறியது. டாக்டர் ஏன் அக்காவைப் பார்த்துச் சொன்னார் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அக்காவுக்கு இப்போது 54. முதுகு போய்விட்டது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் விழுந்தால் வீட்டில் இரண்டு கட்டில். ஒரு வாரம், வேண்டாம், நாலு நாள் அம்மாவை யாராவது பாதுகாப்பாக வைத்துக்கொண்டால் அவள் எங்காவது போய்ச் சும்மா தூங்கிவிட்டு வருவாள். இப்படி மாற்று ஓய்வு கொடுக்கிற ஏற்பாடு சில நாடுகளின் திட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் விசாரித்தபோது, “நோயாளிக்கு இப்ப என்ன பிரச்சினை?” என்று கேட்டார்கள். நோயாளிக்கு ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்கிறவருக்கு என்றால் அதற்கு அங்கே சீட்டுப் போட வழியில்லை.

பணம் இல்லாத இடத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய வலிநிவாரண அமைப்பாகத் தொடங்கியது, அப்புறம் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு பரவி, 2008இல் மாநில அரசே அதைக் கொள்கையாக அறிவித்தது. உள்ளாட்சி மூலமாகப் பயிற்சி பெற்ற நர்ஸ் வீட்டுக்கு வருகிறார், கூட ஒரு உள்ளூர் தன்னார்வலர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையோடு படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கு வர வழி வைத்திருக்கிறார்கள். யோசனை சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கே இருந்தாலும் இப்படிப்பட்ட திட்டத்தில் நான் பார்க்கிறது ஒன்றுதான், மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே அந்த வீட்டு முகவரி வெளியே வருகிற நர்ஸ் கைக்குப் போகிறதா, இல்லை நாமாகத் தேடிக் கண்டுபிடித்து மனு கொடுக்க வேண்டுமா. நாமாகத் தேட வேண்டும் என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்திருக்கிறவருக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

வருகிறவருக்கு நேரமும் கொடுக்கணும். இங்கிலாந்தில் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடுகிற வீட்டு வருகைகள் பெரிய புகாராகி, சில குறிப்பிட்ட வேலைகளுக்குத் தவிர அரை மணி நேரத்துக்குக் குறைந்து அனுப்பாதீர்கள் என்று 2015இல் வழிகாட்டு நெறியே போட்டார்கள். பதினைந்து நிமிடத்தில் என் அம்மாவைப் புரட்டி, துடைத்து, டயபர் மாற்றி முடிக்கவே முடியாது. முயன்றால் தோல் உரியும்.

எங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பெண் ஐந்து மாதத்தில் நின்றுவிட்டார். சம்பளம் போதவில்லை, அதைவிட, பன்னிரண்டு மணி நேர வேலை. ஏஜென்சி எங்களிடம் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான் அவர் கைக்குப் போனது என்று கிளம்பும்போது சொன்னார். அவருக்குப் பிறகு நான்கு பேர் வந்து போய்விட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அக்கா முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கிறாள்: தலையை உயர்த்து, அடையாளத்தைப் பார், உடனே படுக்க வைக்காதே. வராந்தாவில் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு பாதியை மறந்தவள் இன்றைக்கு வாத்தியார்.

என்ன வேண்டும் என்று கேட்டால் பெரிய திட்டமெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. நோயாளியைச் சேர்க்கும்போதே வீட்டில் யார் பார்ப்பார்கள், எந்த மாடி என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். டிஸ்சார்ஜ் தாளில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே ஒரு பெயரும் ஒரு போன் எண்ணும் இருக்கட்டும், ராத்திரியிலும் எடுக்கிற எண்ணாக. முதல் வாரத்துக்குள் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலை, அந்த முதுகைப் பார்க்கட்டும். பார்த்துக்கொள்கிறவரையும் ஒரு நிமிடம் பார்க்கட்டும்.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அடுத்த முறை மருத்துவமனைக் கட்டடத் திறப்புக்கு உங்கள் நிருபர் போகும்போது, எத்தனை படுக்கை என்று கேட்டுவிட்டு, இங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் வீட்டுக்குப் போக எத்தனை நர்ஸ் இருக்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். பதில் பூஜ்ஜியம் என்று வந்தாலும் பரவாயில்லை, அதையும் தலைப்பிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்
(பெயர் வேண்டாம், அம்மா படிக்க மாட்டார்கள், அக்கா படிப்பாள்)